மண்ணுளிப் பாம்புக்கு ஒரே தலைதான்

அஞ்சுகிராமம் வட்டாரத்தில் இன்னும் நம்பப்படும் கதை இது: இருதலைப் பாம்பு எனப்படும் மண்ணுளிப் பாம்பு ஆறு மாதம் ஒரு பக்கமாகவும் ஆறு மாதம் மறுபக்கமாகவும் ஊரும், பூந்தொட்டியில் நெளிவது அதன் குட்டி, அந்தப் பாம்பு நக்கினால் குஷ்டம் வரும். காணொளி பார்த்தவர்கள், வெளிநாட்டுப் புழுப்பல்லியும் இதுதான் என்கிறார்கள். நான்கும் தவறு.

மண்ணுளிப் பாம்பின் வால் மழுங்கித் தலைபோல் தடித்திருக்கும். ஆபத்து வந்தால் உடலைச் சுருட்டித் தலையை அடியில் ஒளித்து வாலைத் தூக்கும். அடி வாலில் விழும், உயிர் தப்பும். வாயும் கண்ணும் மூளையும் ஒரு முனையில்தான் இருக்கின்றன. 1801-இல் இந்தப் பாம்பை விவரித்த இயற்கையியலாளர் பாட்ரிக் ரஸ்ஸல், தரங்கம்பாடி மிஷனரி கிறிஸ்டோப் சாமுவேல் ஜானைச் சிறப்பிக்கும் வகையில் 'ஜானி' என்று பெயரிட்டார்.

தொட்டியில் நெளிவது குருட்டுப் பாம்பு. ஒரு சாணுக்குள் அடங்கும் அந்த அளவே அதன் முழு வளர்ச்சி. அதில் ஆணே கிடையாது. பெண்கள் தாமாகவே முட்டையிட்டுப் பெருகுகின்றன. மண்ணுளியோ குட்டி போடுவது. 1803-இல் விலங்கியலாளர் டோடின்கூடக் குருட்டுப் பாம்பை மண்ணுளியின் 'எரிக்ஸ்' பேரினத்தில்தான் சேர்த்தார், பின்வந்தவர்கள் பிரித்தார்கள்.

புழுப்பல்லி விஷயம் இன்னும் சுவையானது. இந்தியாவில் அது ஒன்றுகூட இல்லை. ஆப்பிரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும்தான் மிகுதி. 1758-இல் லின்னேயஸ் 'ஆம்பிஸ்பேனா' என்று பெயர் சூட்டிப் பாம்புகளோடு வைத்தார். ஆனால் பாம்புக்குச் சுருங்கிப்போவது இடது நுரையீரல், புழுப்பல்லிக்கு வலது. மெக்சிகோவின் பைப்பஸ் என்னும் புழுப்பல்லிக்கு முன்னங்கால்களே உண்டு. மரபணு ஆய்வுகள் இவற்றை லாசெர்ட்டிடே என்னும் பல்லிக் குடும்பத்தின் பக்கத்தில் வைக்கின்றன. நம் வறண்ட நிலங்களில் நான்கு காலில் விரைந்தோடும் பாம்புக்கண் பல்லி அந்தக் குடும்பம்தான். புழுப்பல்லிக்கு இங்கே சொந்தம் தேடினால் அதைத்தான் காட்ட வேண்டும், மண்ணுளியை அல்ல.

குஷ்டத்துக்குக் காரணம் ஒரு பாக்டீரியா. அதை 1873-இல் மருத்துவர் ஹான்சன் கண்டுபிடித்தார். பாம்பின் நாக்குக்கு அதில் பங்கில்லை.

இரண்டு தலை என்ற நம்பிக்கையை வைத்துத்தான் 'கோடி ரூபாய்க்குப் போகும்' என்று தரகர்கள் ஆசை காட்டுகிறார்கள். நஞ்சில்லாத, எலி தின்று விவசாயிக்கு உதவும் இந்தப் பாம்பு சாக்குப் பையில் கட்டுண்டு கிடப்பது அதனால்தான். 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி அதைப் பிடிப்பதும் விற்பதும் குற்றம்.