துருப்பு போன வழியே தங்கமும் போயிற்று

ஒரு பண்ணையார் ஊருக்கு ஊர் அடியாட்களை வைத்திருக்கிறார். கூலிக்கு நெல் அளப்பதில்லை. களஞ்சியத்தில் வாங்கிக்கொள்ளும்படி சீட்டு எழுதிக் கொடுக்கிறார். சீட்டு பெருகினால் களஞ்சியம் என்னவாகும்?

அமெரிக்க ஏகாதிபத்தியத்தின் கதையும் இதுதான். 35 டாலர் கொண்டுவரும் அந்நிய சர்க்காருக்கு ஒரு அவுன்ஸ் தங்கம் தருவதாக அது வாக்களித்திருந்தது. 1960-களில் அதன் ஏற்றுமதி இறக்குமதியைவிட அதிகம். ஆனாலும் அந்நியச் செலாவணிக் கணக்கில் துண்டு விழுந்தது. ஏன்?

முதலாளிகள் வெளிநாடுகளில் மூலதனத்தைக் கொட்டினார்கள். அதோடு மேற்கு ஜெர்மனி, ஜப்பான், தென் கொரியா எங்கும் ராணுவத் தளங்கள். 1969-ல் வியட்நாமில் மட்டும் 5 லட்சத்துக்கு மேல் துருப்புகள். அங்கெல்லாம் செலவான டாலர் அந்நியர் கையில் சேர்ந்தது. வெளிநாட்டில் பஞ்சு வாங்கினால் நூலாகித் திரும்பும். குண்டு போட்டால் சாம்பல்தான் மிச்சம்!

பிரான்ஸ் டாலரை நீட்டித் தங்கம் கேட்டது. 1950-களின் தொடக்கத்தில் 20,000 டன்னுக்கு மேல் இருந்த தங்கம் 1971-ல் பாதிக்கும் கீழே இறங்கியது. அந்த ஆண்டு ஆகஸ்ட் 15-ல் ஜனாதிபதி நிக்சன் தங்கக் கதவைச் சாத்தினார். அன்றே 90 நாளைக்கு விலையோடு கூலி உயர்வையும் சட்டம் போட்டு நிறுத்தினார். பங்குதாரரின் லாப ஈவுக்கோ வெறும் வேண்டுகோள்தான்!

யுத்தம் நடத்தியவன் ஒருவன். பாக்கி கட்டியவன் தொழிலாளி. கூலிக்குப் பணமில்லை என்று எந்த சர்க்கார் கைவிரித்தாலும், ராணுவக் கணக்கை முதலில் கேளுங்கள்!