ஏட்டில் ஏறாத சுவை

வன்னியின் வரலாற்றைத் தேடுவோர் கைக்கு முதலில் அகப்படுவது, ஜே. பி. லூயிஸ் என்னும் ஆங்கிலேய அதிகாரி 1895இல் வெளியிட்ட கைந்நூலே. அவருக்குப்பின் நம்மவர் எழுதவேண்டியவை இன்னும் பலவுள. அவற்றுள் ஒன்று உணவு என்பது நமது கருத்து.

வட்டக்கச்சி, இரணைமடுக் குளத்து நீரை நம்பிச் சென்ற நூற்றாண்டின் நடுவில் எழுந்த குடியேற்றக் கிராமம். குடாநாட்டிலிருந்து வந்தோர் ஒடியற்கூழின் பக்குவத்தை உடன் கொணர்ந்தனர். வன்னிக் காடு பாலைப்பழத்தையும் தேனையும் ஈந்தது. பாலைப்பழத்தின் பால் உதட்டில் பிசினாய் ஒட்டுமென்பதை எந்த நூல் நமக்குக் கற்பித்தது? பாட்டிமாரே கற்பித்தனர்.

2009ஆம் ஆண்டின் பேரிடப்பெயர்வில் வீடுகளோடு புத்தகங்களும் அழிந்தன. மீண்டு வந்தோர் நாவில் மொட்டைக்கறுப்பன் சோற்றின் சுவை மட்டும் அழியாதிருந்தது. ஆயினும் நாவின் நினைவு அம்மனிதரோடு மறைவது. ஏட்டின் நினைவோ பிரதி செய்யப்படின் நிலைப்பது.

ஆதலின் அன்பர்களே, வீட்டு முதியோரிடம் ஒரு பக்குவத்தையேனும் கேட்டறியுங்கள். அரிசியின் பெயர், அளந்த சுண்டு, அடுப்பின் விறகு, சொன்னவர் பெயர், நாள் யாவும் குறித்து, இரு பிரதிகள் எழுதி, ஒன்றை வேற்றூர் உறவினரிடம் ஒப்படையுங்கள்.