தாங்கும் மக்களும் தாங்கச் சொல்லும் ஆட்சியும்

"வடபுலத் தமிழர் எத்துன்பத்தையும் தாங்க வல்லவர்" என்னும் பாராட்டுரை மேடைகளில் அடிக்கடி ஒலிக்கின்றது. கேட்போர் உள்ளம் பூரிக்கின்றது. பூரிப்பதில் தவறில்லை. ஆயின், அந்த வல்லமை எங்கிருந்து வந்தது, அதற்கு நாம் கொடுத்த விலை யாது, அந்தப் பாராட்டினால் இலாபமடைவோர் யாவர் என்னும் மூன்று வினாக்களையும் எழுப்பாது கைதட்டிக் கலைந்து செல்வது அறிவுடைய மக்களுக்கு அழகன்று.

1990 ஆம் ஆண்டு யூன் மாதத்தில் போர் மீண்டும் மூண்டதும் யாழ்ப்பாணக் குடாநாடு இருளில் ஆழ்ந்தது. மின்சாரம் நின்றது. எரிபொருள், இரசாயனப் பசளை, மின்கலம், சீமெந்து முதலியவற்றுக்கு அரசாங்கம் தடை விதித்தது. ஆனையிறவுப் பாதை அடைபட்டது. வெளியுலகம் செல்ல வேண்டியோர் இரவில் கிளாலிக் கடலேரியைப் படகில் கடந்தனர். ஒரு மக்கட் கூட்டத்தைப் பணிய வைக்க இவை போதும் என்று எண்ணியவர் இருந்திருத்தல் கூடும்.

நடந்தது வேறு. வெற்றுப் போத்தலின் அடியிற் பஞ்சை வைத்து, அதிற் சிறிதளவு மண்ணெண்ணெயை ஊற்றி, மெல்லிய திரியை ஏற்றி விளக்காக்கினர் எம்மக்கள். அந்தச் சிறு சுடரின் முன் அமர்ந்தே ஒரு தலைமுறை பாடம் படித்தது, பரீட்சை எழுதியது, பல்கலைக்கழகம் புகுந்தது. துவிச்சக்கரவண்டியின் சில்லைச் சுழற்றி, அதன் டைனமோ தந்த மின்சாரத்தில் வானொலி கேட்டனர். சில துளி பெற்றோலால் இயந்திரத்தை உயிர்ப்பித்து மண்ணெண்ணெயில் மோட்டார்ச் சைக்கிளை ஓட்டினர். நீரிறைக்கும் இயந்திரம் ஓய்ந்த தோட்டங்களிற் பழைய துலா மீண்டும் எழுந்தது. பசளை வராத செம்மண்ணுக்குக் கமக்காரர் எருவும் குழையும் இட்டனர். செஞ்சிலுவைச் சங்கத்தின் சர்வதேசக் குழுவினது பாதுகாப்பில் யாழ்ப்பாண வைத்தியசாலை இயங்கியது. மருந்தும் ஒளியும் அரிதாகிய வேளையிலும் வைத்தியரும் தாதியரும் தம் கடமையைக் கைவிட்டாரல்லர்.

இவ்வல்லமை வானத்திலிருந்து வீழ்ந்த வரமன்று. குருதியிலே கலந்து வந்த குலச்சிறப்புமன்று. துலாவை அமைக்க அறிந்த முதியவர் ஊரில் இருந்தார். அதனால் துலா எழுந்தது. சம்பளமும் வசதியும் தேடி ஓடாத ஆசிரியர் இருந்தார். அதனாற் பள்ளி நடந்தது. ஒரு வீட்டு விளக்கைச் சுற்றி அயல் வீட்டுப் பிள்ளைகளும் அமர்ந்தனர். அதனால் ஒரு போத்தல் எண்ணெய் பல பிள்ளைகளுக்குக் கல்வி ஆயிற்று. கைத்தொழில் அறிவு, கடமையுணர்ச்சி, பகிர்ந்துண்ணும் பழக்கம் ஆகிய இம்மூன்றுமே எம்மைத் தாங்கி நின்ற தூண்கள். மனவுறுதி என்பது தனியொருவர் நெஞ்சினுள் மட்டும் விளையும் பயிரன்று. ஊர் கூடி நீர் பாய்ச்சினாலன்றி அது வாடிவிடும்.

கொடுத்த விலையையும் மறைத்தலாகாது. 1993 சனவரியிற் கிளாலிக் கடலேரியிற் பயணிகள் பலர் கொல்லப்பட்டனர். 1995 ஒக்டோபர் 30 இல் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் ஒரே இரவில், கொட்டும் மழையில், தென்மராட்சி நோக்கி நடந்தனர். அந்த நெரிசலில் நடந்த முதியோரையும் கைக்குழந்தைகளையும் நினைப்போர் துன்பத்தை ஒருபோதும் அணியெனப் போற்றார்.

இன்னொன்றையும் நேர்மையுடன் சொல்லுதல் வேண்டும். 1990 ஒக்டோபரில் வடபுலத்து முஸ்லிம் மக்களை மிகக் குறுகிய அவகாசத்தில் வெளியேற்றியவர் விடுதலைப் புலிகள். கைப்பொருளும் இழந்து புத்தளம் சென்ற அம்மக்கள் உப்பு மண்ணிலே கொட்டில் அமைத்து, பிள்ளைகளைப் படிக்க வைத்து, மீண்டும் தலை நிமிர்ந்தனர். மனித உள்ளத்தின் உரம் எவ்வினத்துக்கும் தனியுடைமையன்று. பிறர் மேல் எம்மவர் சுமத்திய துன்பத்தை மறந்துவிட்டு, எம் துன்பத்தை மாத்திரம் பேசுவோமாயின் எம் சொல்லுக்கு யார் செவி கொடுப்பர்?

இனி, மூன்றாவது வினா. "இவர்கள் தாங்குவார்கள்" என்ற எண்ணம் ஆட்சியாளர் உள்ளத்திற் புகுந்துவிட்டால், மக்களின் வலிமையே அவர்களுக்கு எதிரான ஆயுதமாகிவிடும். 2021 இல் இரசாயனப் பசளை இறக்குமதியை அரசாங்கம் திடீரெனத் தடை செய்தது. சில மாதங்களிலேயே அத்தடையைத் தளர்த்த நேர்ந்தது. எனினும் அதற்குள் நாடெங்கும் கமக்காரரின் விளைச்சல் வீழ்ந்தது. 2022 இல் நாடு கடன் செலுத்த இயலாது நின்றபோது, தெற்கிலும் வடக்கிலும் எரிபொருளுக்காக மக்கள் இரவு பகலாய் வரிசையில் நின்றனர். தாங்கினர். ஆயின் தாங்கினார்கள் என்பதனால் அத்தவறு சரியாகிவிடுமோ?

வலிகாமம் வடக்கைப் பாருங்கள். 1990 இல் ஊரை விட்டு வெளியேறிய மக்களின் காணிகள் ஆண்டுகள் பல கழிந்தபின் சிறிது சிறிதாக விடுவிக்கப்பட்டன. திரும்பியவர் பற்றைக்காட்டை வெட்டி, தூர்ந்த கிணற்றை இறைத்து, இடிந்த சுவரருகே வெங்காயம் நட்டனர். காணியின் ஒரு பகுதியோ இன்னும் படையினர் வசமே உள்ளது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பிறர் வளவிற் குடியிருக்கும் குடும்பத்தை நோக்கி, "உம்முடைய பொறுமை வியக்கத்தக்கது" என்று கூறுதல் புகழ்ச்சியன்று, பரிகாசம்.

ஆதலின் நாம் வேண்டுவது இரண்டு. அரசாங்கத்திடம் நாம் வேண்டுவது பாராட்டன்று, எம் மக்களின் காணியே. உரியவருக்கு உரியதைக் கொடுத்துவிட்டால், எஞ்சியதை அவர்களே தம் கையாற் செய்து கொள்வார்கள். அதனை அவர்கள் ஏற்கனவே மெய்ப்பித்துவிட்டனர்.

மற்றையது எம்மவரிடம். கற்றோர் பலர் கடல் கடந்து செல்கின்றனர். செல்வோரைப் பழித்தல் எம் நோக்கமன்று. ஆனால் வைத்தியரும் ஆசிரியரும் பொறியியலாளரும் கமக்காரரும் ஒரே விளக்கைச் சுற்றி அமர்ந்த காலத்திலேதான் இம்மண் அழியாது நின்றது என்பதை மறந்துவிடலாகாது. அக்காலத்து அனுபவத்தை அறிந்த முதியோர் ஒவ்வொருவராய் மறைகின்றனர். அவர்கள் கைகள் கற்றதை எழுதி வைப்பதும், தோட்டக்காரரின் இடரைக் கற்றவர் தம் இடராக ஏற்பதும் இன்றே தொடங்க வேண்டிய பணிகள்.

போத்தல் விளக்கை ஏற்றிய கைகள் போற்றத்தக்கவை. எனினும், எம் பிள்ளைகள் மீண்டும் அவ்விளக்கை ஏற்ற வேண்டிய நிலை வராமற் காப்பதே அக்கைகளுக்கு நாம் செய்யும் மெய்யான வணக்கமாகும்.