குறைமாதக் குழந்தைக்கு அளவான குப்பி வேண்டும்

ஒரு கிலோ எடையில் பிறந்த குறைமாதக் குழந்தை. கிருமித்தொற்று இருக்கலாம் என்ற சந்தேகத்தில் ஜென்டாமைசின் ஊசி போடச் சொல்கிறார் மருத்துவர். கிலோவுக்கு 5 மில்லிகிராம் என்று கணக்கிட்டால் அந்தக் குழந்தைக்கு 5 மில்லிகிராம் போதும். ஆனால் நம் ஊரில் பரவலாகக் கிடைக்கும் ஜென்டாமைசின் குப்பியில் 2 மில்லிலிட்டரில் 80 மில்லிகிராம் மருந்து இருக்கிறது. வளர்ந்த ஆளுக்கு ஒரு வேளைக்குப் போடுவது அது. அதிலிருந்து செவிலியர் எடுக்க வேண்டியது 0.125 மில்லிலிட்டர். புள்ளி ஓரிடம் தள்ளிப்போனால் 1.25 மில்லிலிட்டர், பத்து மடங்கு மருந்து. பெரியவர் ஒருவருக்கு இதே தவறு நேர வேண்டுமானால் பத்துக் குப்பிகளைத் திறக்க வேண்டும். அதற்குள் பக்கத்தில் நிற்கும் யாராவது தடுத்துவிடுவார்கள். குழந்தையின் விஷயத்தில் பத்து மடங்கும் ஒரே குப்பிக்குள் அடங்கிவிடுகிறது. தடுக்க எந்த அடையாளமும் இல்லை. ஜென்டாமைசின் அளவு மீறினால் சிறுநீரகத்தையும் காதையும் பாதிக்கும் மருந்து.

இந்த ஆபத்தைச் செவிலியரின் கவனத்தை மட்டும் நம்பி விட்டுவைப்பது நியாயமில்லை. பச்சிளம் குழந்தைகளின் சிகிச்சையில் அன்றாடம் புழங்கும் மருந்துகள் அவர்கள் உடலுக்கு ஏற்ற செறிவில் வாங்கப்பட வேண்டும். பச்சிளம் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவு ஒவ்வொன்றிலும் பயிற்சி பெற்ற மருந்தாளுநர் ஒருவர் பணியில் இருக்க வேண்டும். தமிழ்நாடு அரசு நினைத்தால் இரண்டையும் செய்ய முடியும்.

0.1 மில்லிலிட்டர் மருந்தை அளந்து எடுப்பது எவ்வளவு கடினம் என்பது அந்த வேலையைச் செய்கிறவர்களுக்குத்தான் தெரியும். சிரிஞ்சின் நுனியிலும் ஊசியின் அடிப்பகுதியிலும் தங்கும் துளி மருந்தே அந்த அளவில் பாதிக்கு மேல் வந்துவிடலாம். அதே சிரிஞ்சில் தண்ணீர் எடுத்துக் கலக்கும்போது அந்தத் துளியும் சேர்ந்துகொள்கிறது. கணக்கு சரியாக இருந்தும் குழந்தைக்குக் கூடுதலாகப் போய்ச் சேருகிறது. வலிப்புக்குக் கொடுக்கும் ஃபீனோபார்பிட்டோன் ஒரு மில்லிலிட்டருக்கு 200 மில்லிகிராம் செறிவில் வருகிறது. ஒரு கிலோ குழந்தைக்கு முதல் வேளைக்குத் தேவைப்படுவது 20 மில்லிகிராம், அதாவது மீண்டும் 0.1 மில்லிலிட்டர். ஒரு குப்பியில் மீதம் நிறைய இருப்பதால் அதையே அடுத்தடுத்த குழந்தைகளுக்கும் எடுக்கும் வழக்கம் எளிதில் வந்துவிடும். ஒரு வார்டு முழுக்கக் கிருமி பரவ அதுவும் ஒரு வழி.

பெயர்பெற்ற நாடுகளின் வசதியான மருத்துவமனைகளும் இதிலிருந்து தப்பவில்லை. 2006-இல் அமெரிக்காவின் இண்டியானாபோலிஸ் நகர மருத்துவமனை ஒன்றில் ரத்தக் குழாய் அடைத்துக்கொள்ளாமல் இருக்கப் பயன்படும் ஹெப்பாரின் ஆறு குறைமாதக் குழந்தைகளுக்கு ஆயிரம் மடங்கு கூடுதலாகச் சென்றது. மூன்று குழந்தைகள் இறந்தன. மில்லிலிட்டருக்கு 10 யூனிட் குப்பிகள் இருக்க வேண்டிய இடத்தில் 10,000 யூனிட் குப்பிகள் வைக்கப்பட்டிருந்தன. இரண்டின் லேபிளும் ஏறத்தாழ ஒரே நீல நிறம். பிரசவ அறையில் நடக்கும் இன்னொரு தவறு பல நாடுகளின் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. தாயின் உதிரப்போக்கை நிறுத்தும் மெதில் எர்கோமெட்ரின் ஆம்பூலும், குழந்தைக்குப் பிறந்தவுடன் போடும் வைட்டமின் கே ஆம்பூலும் ஒரே தட்டில் இருக்கும். அவசரத்தில் தாயின் மருந்து குழந்தைக்குப் போடப்பட்டு, மூச்சுத் திணறியும் வலிப்பு வந்தும் குழந்தைகள் அவதிப்பட்டிருக்கின்றன. வைட்டமின் கே ஊசி மூளைக்குள் ரத்தம் கசிவதைத் தடுக்கிறது. அது எல்லாக் குழந்தைகளுக்கும் அவசியம். 2014-இல் மத்திய சுகாதார அமைச்சகமும் அதற்கான வழிகாட்டுதலை வெளியிட்டது. அந்த ஊசியைத் தவிர்க்க முடியாது; அதனால்தான் இரண்டு ஆம்பூல்களும் ஒரே தட்டில் இருக்கக் கூடாது என்கிறோம்.

அளவு சரியாக இருந்தாலே போதும் என்றும் சொல்லிவிட முடியாது. பச்சிளம் குழந்தையின் கல்லீரலும் சிறுநீரகமும் முதிராதவை. 1950-களில் தொற்று வந்துவிடுமோ என்ற அச்சத்தில் குறைமாதக் குழந்தைகளுக்கு முன்கூட்டியே குளோராம்ஃபெனிகால் கொடுத்தார்கள். 1959-இல் லாஸ் ஏஞ்சலிஸ் மருத்துவர்கள் ஒப்பிட்டுப் பார்த்தபோது, எந்த ஆன்டிபயாட்டிக்கும் பெறாத குழந்தைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று இறந்திருந்தது. குளோராம்ஃபெனிகால் பெற்றவர்களில் பத்துக்கு ஆறு இறந்திருந்தன. மருந்தைச் செயலிழக்கச் செய்து வெளியேற்றும் வேலையை அந்தக் கல்லீரல்கள் இன்னும் கற்றிருக்கவில்லை. குழந்தைகள் சாம்பல் நிறமாகி, ரத்த அழுத்தம் விழுந்து இறந்தன. நல்லெண்ணத்தில் கொடுத்த மருந்து அது.

மருந்தோடு கலந்து வருகிற பொருளும் கொல்லும். 1982-இல் அமெரிக்காவில் இரண்டு மருத்துவ மையங்களில் 16 குழந்தைகளின் இறப்புக்குக் காரணமாகக் கருதப்பட்டது, ரத்தக் குழாயில் செருகிய குழாயைக் கழுவப் பயன்படுத்திய உப்பு நீரில் பதப்படுத்தச் சேர்த்திருந்த பென்சைல் ஆல்கஹால். அந்தச் சிறிய அளவு பெரியவர்களை ஒன்றும் செய்வதில்லை. இரண்டு ஆண்டுகள் கழித்து, முறையான அனுமதி இல்லாமல் விற்கப்பட்ட இ-ஃபெரோல் என்ற வைட்டமின் ஈ ஊசியோடு 38 குழந்தைகளின் இறப்பு தொடர்புபடுத்தப்பட்டது. இப்படி ஒவ்வொரு பாடத்தையும் குழந்தைகளின் உயிரைக் கொடுத்தே மருத்துவ உலகம் படித்திருக்கிறது.

முறையாகச் சோதித்துப் பார்த்தால் என்ன நடக்கும் என்பதற்குக் காஃபின் சாட்சி. குறைமாதக் குழந்தைகள் மூச்சுவிட மறந்துபோகும் பிரச்சினைக்கு 1970-களிலிருந்தே அது பயன்பட்டு வந்தது. பல நாடுகளில் 2006 குழந்தைகளிடம் நடத்திய பெரிய ஆய்வின் முடிவுகள் 2006, 2007 ஆண்டுகளில் வந்த பிறகே நுரையீரல் பாதிப்பும் வளர்ச்சிக் குறைபாடும் குறைவது உறுதியானது. ஆனால் அதிலும் ஒரு சிக்கல் பாக்கியிருக்கிறது. 20 மில்லிகிராம் காஃபின் சிட்ரேட்டில் இருக்கும் காஃபின் 10 மில்லிகிராம்தான். எதை எழுதினார், எதைப் படித்தார் என்பதில் குழப்பம் வந்தால் இரட்டிப்பு மருந்து. லேபிளில் இரண்டு அளவையும் பெரிய எழுத்தில் அச்சிடுவதற்கு என்ன தடை?

“சந்தை சிறியது, கட்டுப்படியாகாது” என்று தயாரிப்பாளர்கள் சொல்வார்கள். 2020-இல் இந்தியாவில் குறைமாதத்தில் பிறந்த குழந்தைகள் சுமார் 30 லட்சம். உலகில் வேறு எந்த நாட்டிலும் இத்தனை இல்லை. இதைச் சிறிய சந்தை என்று சொல்ல முடியாது. மேலும் ஜென்டாமைசின், ஃபீனோபார்பிட்டோன், வைட்டமின் கே எல்லாம் காப்புரிமை முடிந்த பழைய மருந்துகள். புதிதாகக் கண்டுபிடிக்க எதுவும் இல்லை. செறிவைக் குறைத்துச் சிறிய குப்பியில் அடைக்க வேண்டும், அவ்வளவே. 1 மில்லிகிராம் வைட்டமின் கே ஆம்பூலும் மில்லிலிட்டருக்கு 10 மில்லிகிராம் ஜென்டாமைசினும் ஏற்கெனவே தயாராகின்றன. கேட்டு வாங்கும் கை வேண்டும்.

அந்தக் கை தமிழ்நாட்டிடம் இருக்கிறது. 1994-இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தின் மொத்தக் கொள்முதல் முறையைக் கேரளமும் ராஜஸ்தானும் பார்த்துப் பின்பற்றின. எந்த மருந்து, எந்தச் செறிவு, எந்த லேபிள் என்று டெண்டரில் எழுதும் அதிகாரம் அதற்கு உண்டு. மத்திய அரசின் பொறுப்பு வேறு. அமெரிக்கா 2003-இலும் ஐரோப்பிய ஒன்றியம் 2007-இலும் புதிய மருந்துகளைக் குழந்தைகளுக்கும் ஆராய்ந்து காட்டச் சட்டத்தால் கட்டாயப்படுத்தின. உலக மருந்தகம் என்று பெருமைப்பட்டுக்கொள்ளும் இந்தியாவில் அப்படியொரு தனிச் சட்டம் இல்லை. அது வரும்வரை மாநிலம் காத்திருக்க வேண்டியதில்லை.

மருந்தாளுநர் எதற்கு என்று கேட்பவர்களுக்கு 2001-இல் வெளியான பாஸ்டன் ஆய்வு பதில் சொல்கிறது. குழந்தைகள் விஷயத்தில் தீங்கு விளைவிக்கக்கூடிய மருந்துத் தவறுகள் பெரியவர்களைவிட மூன்று மடங்கு. அதிலும் தீவிர சிகிச்சையில் இருக்கும் பச்சிளம் குழந்தைகளுக்கே மிக அதிகம். வார்டிலேயே மருந்தாளுநர் இருந்திருந்தால் அவற்றில் 94 சதவீதத்தைத் தடுத்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் மதிப்பிட்டார்கள். நம் அரசு மருத்துவமனைகளில் மருந்தாளுநர் பெரும்பாலும் மாத்திரை வழங்கும் ஜன்னலோடு நின்றுவிடுகிறார். 2008-இல் தொடங்கிய பார்ம்.டி. என்ற ஆறாண்டுப் படிப்பு இந்த வார்டு வேலைக்காகவே வந்தது. படித்து வந்தவர்களுக்கு அரசு மருத்துவமனைகளில் உரிய பணியிடம்தான் இல்லை.

நள்ளிரவில் பல வார்மர்களுக்கு நடுவே, சிட்டை எழுதியவரும் உறங்கப் போன பிறகு, ஒரே செவிலியர் புள்ளிக் கணக்கோடு போராடும் நிலையை மாற்றாமலிருக்கச் சம்பளச் செலவு ஒரு காரணமாகச் சொல்லப்படக் கூடாது. மருத்துவப் பணிகள் கழகம் தனது அடுத்த டெண்டரிலேயே பச்சிளம் குழந்தைகளுக்கான செறிவுகளைத் தனிப் பட்டியலாகச் சேர்க்கட்டும். பதப்படுத்தும் பொருள் எது என்பது ஒவ்வொரு குப்பியின் மேலும் தெளிவாக அச்சிடப்பட வேண்டும் என்பதை நிபந்தனையாக்கட்டும். மருந்தாளுநர் பணியிடங்களை வரும் நிதிநிலை அறிக்கையில் அரசு அறிவிக்க வேண்டும். மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலிருந்து தொடங்கி மாவட்டத் தலைமை மருத்துவமனைகளுக்கு அதைக் கொண்டுசெல்லலாம்.