காப்பீடு முடியும் இடம்

பெரும்பாலான மருந்துகள் மீதான சரக்கு-சேவை வரி 2025 செப்டம்பர் 22 முதல் 12 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. தனிநபர் மருத்துவக் காப்பீட்டின் மீதிருந்த 18 விழுக்காடு வரி முழுமையாக நீக்கப்பட்டது. இரண்டுமே வரவேற்கத்தக்க முடிவுகள். ஆனால், மருத்துவச் செலவு குறித்த நமது விவாதங்கள் இன்னமும் மருத்துவமனைக் கட்டிலைச் சுற்றியே நடைபெறுகின்றன. நோயாளி வீடு திரும்பிய பின்னர் தொடங்கும் செலவு அவற்றில் அரிதாகவே இடம்பெறுகிறது.

தைராய்டு அறுவை சிகிச்சை இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. எட்டு ஆண்டுகளுக்கு முன்பு எனது தைராய்டு சுரப்பி முழுமையாக அகற்றப்பட்டது. சில மணி நேர அறுவை, மூன்று நாள் மருத்துவமனை வாசம், காப்பீட்டு நிறுவனம் செலுத்திய தொகை என ஏட்டில் அந்தக் கணக்கு முடிந்துவிட்டது. உடலின் கணக்கு முடியவில்லை.

தைராய்டு முழுவதும் அகற்றப்பட்டவர் லெவோதைராக்சின் மாத்திரையை வாழ்நாள் முழுவதும், நாள்தோறும் வெறும் வயிற்றில் உட்கொள்ள வேண்டும். அளவை மாற்றினால் ஆறு முதல் எட்டு வாரங்களில் டிஎஸ்ஹெச் பரிசோதனை. அளவு நிலைபெற்ற பின்னரும் ஆண்டுதோறும் பரிசோதனை. தைராய்டை ஒட்டி நான்கு பாராதைராய்டு சுரப்பிகள் உள்ளன. ரத்தத்தில் கால்சியத்தின் அளவைக் காப்பவை இவையே. அறுவையின்போது இவற்றுக்குப் பாதிப்பு ஏற்பட்டால் உதடும் விரல் நுனிகளும் மரத்துப்போகும், தசைகள் இழுக்கும். அவர்களுக்குக் கால்சியமும் கால்சிட்ரியாலும் சேர்ந்துகொள்ளும். கால்சியம் மாத்திரைக்கும் தைராய்டு மாத்திரைக்கும் இடையே நான்கு மணி நேர இடைவெளி வேண்டும் என்பதால் அன்றாட வாழ்க்கையே மருந்து நேரத்தைச் சார்ந்து அமைகிறது.

குரல்வளைக்குச் செல்லும் நரம்பும் சுரப்பியை ஒட்டியே செல்கிறது. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஒலிபெருக்கியின்றி வகுப்பறையின் கடைசி வரிசை வரை எட்டிய என் குரல், இன்று அரை மணி நேரப் பேச்சிலேயே கம்மிவிடுகிறது. எனக்கு ஓய்வூதியம் வருகிறது. குரல் குறைந்தாலும் வருமானம் குறையவில்லை. பள்ளி ஆசிரியைக்கும், தெருவில் கூவிக் காய்கறி விற்கும் பெண்ணுக்கும் குரல்தான் மூலதனம். அந்த இழப்பு எந்தக் காப்பீட்டு ஆவணத்திலும் எழுதப்படுவதில்லை. தைராய்டு நோய்கள் ஆண்களைவிடப் பெண்களையே அதிகம் தாக்குகின்றன என்பதையும் இங்கு நினைவில் கொள்ள வேண்டும்.

சுரப்பியை முற்றாக அகற்றினால் நோயாளி மெல்ல மெல்ல உடலும் அறிவும் மந்தமடைகிறார் என்பதை 1883-ஆம் ஆண்டிலேயே சுவிட்சர்லாந்தின் அறுவை மருத்துவர் தியோடர் கோக்கர் பதிவு செய்தார். 1909-இல் நோபல் பரிசு பெற்றவர் அவர். தாம் அறுவை செய்தவர்களைப் பல ஆண்டுகளுக்குப் பின்னர் மீண்டும் அழைத்துப் பரிசோதித்ததால்தான் அவரால் அதை அறிய முடிந்தது. வீடு திரும்பியபோது எனக்குத் தரப்பட்ட குறிப்பில் மாத்திரையின் அளவு இருந்தது. உதடு மரத்துப்போனால் என்ன செய்வது என்பது இல்லை.

இனி பொருளாதாரத்துக்கு வருவோம். காப்பீடு என்பது எப்போது நேரும் என்று தெரியாத பெரும் இழப்பைப் பலரும் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு. மருத்துவத்தில் நிலவும் நிச்சயமின்மையை 1963-இல் கென்னத் ஆரோ ஆராய்ந்தபோது பொருளாதாரத்தில் ஒரு புதிய துறைக்கே அடித்தளம் அமைந்தது. தைராய்டு மாத்திரையின் செலவோ நிச்சயமானது, சிறியது, முடிவற்றது. இத்தகைய செலவைக் காப்பீட்டுச் சந்தை ஏற்காது. ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில்கூட மருத்துவமனையிலிருந்து திரும்பிய பின் 15 நாள்கள் வரையிலான செலவே அடங்கும். பாதிக்கப்பட்ட நரம்போ பாராதைராய்டோ மீளுமா என்பது தெரியவே பல மாதங்கள் ஆகும். கால்சியம் குறைந்து வலிப்புடன் மீண்டும் சேர்க்கப்பட்டால் காப்பீடு பணம் தரும். அதைத் தடுக்கும் மாத்திரைக்குத் தராது.

ஒரு நாள் மாத்திரையின் விலை ஒரு கோப்பைத் தேநீரைவிடக் குறைவுதானே என்று கேட்கலாம். லெவோதைராக்சின் அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் இருப்பதும் உண்மை. ஆனால், அப்பட்டியலில் உள்ள மருந்துகளின் உச்சவிலை மொத்த விலைக் குறியீட்டுடன் இணைக்கப்பட்டது, 2022-இல் 10.8 விழுக்காடும் 2023-இல் 12.1 விழுக்காடும் உயர்த்த அனுமதிக்கப்பட்டது. மாத்திரையுடன் பரிசோதனைக் கட்டணம், பேருந்துச் செலவு, இழந்த ஒரு நாள் கூலி ஆகியவற்றையும் கூட்டினால்தான் உண்மைச் செலவு தெரியும். நாட்டின் மொத்த சுகாதாரச் செலவில் மக்கள் தம் கையிலிருந்து செலவிடும் பங்கு 2013-14-இல் 64.2 விழுக்காடாக இருந்து 2021-22-இல் 39.4 விழுக்காடாகக் குறைந்துள்ளது. எஞ்சிய சுமையை இறக்க, இத்தகைய சிறிய, தொடர் செலவுகளில்தான் கவனம் செலுத்த வேண்டும்.

தென்கொரியா தரும் பாடம் வேறு வகையானது. அங்கு அல்ட்ராசவுண்ட் பரிசோதனை பரவலானதால் 2011-இல் கண்டறியப்பட்ட தைராய்டு புற்றுநோயின் விகிதம் 1993-இல் இருந்ததைப்போல 15 மடங்கானது; இறப்பு விகிதம் மாறவில்லை. கண்டறியப்பட்டோரில் ஏறத்தாழ அனைவருக்கும் அறுவை செய்யப்பட்டது. 15,000-க்கும் மேற்பட்டோரின் காப்பீட்டுப் பதிவுகளை ஆராய்ந்ததில் 11 விழுக்காட்டினருக்குப் பாராதைராய்டு குறைபாடும், 2 விழுக்காட்டினருக்குக் குரல்நாண் செயலிழப்பும் ஏற்பட்டிருந்தன. அறுவைக்குப் பணம் தரும் அமைப்பு, அறுவைக்குப் பிந்தைய வாழ்வுக்குப் பொறுப்பேற்காதபோது தேவையற்ற அறுவைகளும் பெருகக்கூடும். அறுவை தேவைப்படுவோர் அஞ்சித் தயங்க வேண்டும் என்பது இதன் பொருளன்று. நீடித்த விளைவுகளை முன்கூட்டியே அறிந்து முடிவெடுக்க வேண்டும் என்பதே பொருள்.

நமக்குப் புதிய கட்டமைப்பு தேவையில்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் நீரிழிவுக்கும் உயர் ரத்த அழுத்தத்துக்குமான மாத்திரைகளை வீட்டுவாசலுக்கே கொண்டு செல்கிறது. சுரப்பி அகற்றப்பட்டோருக்கான தைராய்டு, கால்சியம் மாத்திரைகளும் அதே பையில் செல்லலாம். ஆண்டுக்கொரு டிஎஸ்ஹெச், கால்சியம் பரிசோதனையை ஆரம்ப சுகாதார நிலையங்கள் உறுதிசெய்யலாம். மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் குரல் பயிற்சியாளர் இருக்க வேண்டும். உறுப்பு நீக்க அறுவைகளுக்கான காப்பீட்டில் பிந்தைய பராமரிப்புக் காலம் குறைந்தது ஓராண்டாக நீட்டிக்கப்பட வேண்டும். அறுவைக்கு ஒப்புதல் கையெழுத்து வாங்கும் முன்பே, நீடித்த விளைவுகளை எளிய தமிழில் அச்சிட்டுத் தருவது கட்டாயமாக்கப்பட வேண்டும். இவற்றில் கடைசியாகச் சொன்னதற்கு நிதி ஒதுக்கீடுகூடத் தேவையில்லை; ஓர் அரசாணை போதும். அதிலிருந்தே தொடங்கலாம்.