ஓய்வுக்கு ஒரு முழக்கோல்

எந்த தேசத்து ஜனங்கள் ஓய்வுப் பொழுதை எப்படிக் கழிக்கிறார்கள் என்று ஒப்பிட்டுப் பார்க்கும் ஆவல் மனித சுபாவத்துக்குப் புதிதன்று. ஆயினும் அந்த ஆவலை ஒரு சாஸ்திரமாக வளர்த்த பெருமையில் பெரும்பங்கு ஹங்கேரி தேசத்துச் சமூகவியல் அறிஞர் அலெக்சாண்டர் சாலாய் அவர்களைச் சாரும். 1965, 1966-ஆம் ஆண்டுகளில், அமெரிக்கா, சோவியத் ரஷ்யா, பிரான்ஸ், போலந்து, பெரு உள்ளிட்ட 12 நாடுகளின் நகரவாசிகளிடம், ஒரு நாளின் 24 மணி நேரமும் எதெதில் கழிந்தது என்று குறிப்பெடுத்து, அவரும் அவருடைய சகாக்களும் 1972-இல் அதனை ஒரு பெருநூலாக வெளியிட்டார்கள். எதிலும் ஒத்துப்போகாத முதலாளித்துவ நாடுகளும் பொதுவுடைமை நாடுகளும் ஒரு விஷயத்தில் மட்டும் ஒத்திருந்தன: உத்தியோகம் பார்க்கும் பெண்ணுக்கு, உத்தியோகம் பார்க்கும் ஆணைவிட ஓய்வு குறைவாகவே இருந்தது.

அதன்பின் கணக்கெடுப்புகள் பெருகின. ஜப்பான் 1976 முதல் ஐந்தாண்டுக்கு ஒருமுறையும், அமெரிக்கா 2003 முதல் ஆண்டுதோறும் இக்கணக்கை எடுத்து வருகின்றன. நம் நாட்டில் 1998-99-இல் தமிழ்நாடு உள்ளிட்ட 6 மாநிலங்களில் வெள்ளோட்டம் பார்த்து, பின்னர் 2019-இலும் 2024-இலும் தேசம் முழுவதும் எடுத்தார்கள். ஆனால், அமெரிக்கக் கணக்கு 15 வயதிலிருந்தும், ஜப்பானியக் கணக்கு 10 வயதிலிருந்தும், நம்முடையது 6 வயதிலிருந்தும் தொடங்குகிறது. பம்பரம் விடும் பையனையும் பென்ஷன் வாங்கும் பெரியவரையும் ஒன்றாய்க் கூட்டிச் சராசரி கண்டுவிட்டு, அந்த எண்ணை அமெரிக்க எண்ணுக்குப் பக்கத்தில் வைத்து, இந்தியர் சோம்பேறிகள் என்றோ ரசிகர்கள் என்றோ தீர்ப்புக் கூறுவது நியாயமாகாது.

வயதைச் சரிசெய்துவிட்டாலும் இன்னொரு சங்கடம் எஞ்சி நிற்கிறது. கலை, பொழுதுபோக்கு, ஊடகம், விளையாட்டு ஆகியவற்றுக்கு இந்தியர் செலவிடும் பங்கு 2019-இல் நாளில் 9.9 சதவீதமாக இருந்து 2024-இல் 11 சதவீதமாக உயர்ந்திருக்கிறது. இவற்றில் ஈடுபடுவோரை மட்டும் எடுத்துக்கொண்டால், ஆண்களுக்கு 177 நிமிஷம், பெண்களுக்கு 164 நிமிஷம். வித்தியாசம் 13 நிமிஷந்தானே என்று திருப்தியடைவதற்கு முன், ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடுவோரில் பெண்கள் நாளொன்றுக்கு 289 நிமிஷமும் ஆண்கள் 88 நிமிஷமும் செலவிடுவதாக அதே கணக்கு சொல்வதையும் கவனிக்க வேண்டும். ஒரு கண் தொலைக்காட்சித் தொடரிலும் மறு கண் அடுப்பிலுமாக, அவரைக்காய் நாரெடுத்துக்கொண்டே குழந்தையின் வீட்டுப் பாடத்துக்கும் விடை சொல்லும் ஒருத்தியின் அரைமணி நேரமும், சாய்வு நாற்காலியில் பத்திரிகை விரித்து, காபி கைக்கு வந்து சேரும் அவள் கணவனின் அரைமணி நேரமும் அட்டவணையில் அரைமணியாகவே பதிவாகலாம்.

ஆகையால், தேசங்களை ஒப்பிட விரும்புவோர், நிமிஷங்களை எண்ணுவதோடு நில்லாமல், வயது வந்தோரைத் தனியே பிரித்து, அவர்களுடைய ஓய்வில் எவ்வளவு வேறு வேலை கலவாதது, எவ்வளவு வீட்டுக்கு வெளியே சிநேகிதரோடு கழிந்தது என்பதையும் கேட்டு, தலைப்பில் வரும் எண்ணுக்குப் பக்கத்திலேயே பிரசுரிக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். அறுபது ஆண்டுகளுக்கு முன் 12 நாடுகளிலும் ஒரே குறையைச் சொன்ன அந்த உத்தியோகப் பெண்ணின் குறை தீர்ந்ததா என்று பார்ப்பதற்கு, அந்தக் கேள்விகளை விட்டால் வேறு முழக்கோல் இல்லை.