மேடை தருபவரிடமே புகாரும் சொல்ல வேண்டுமா?

2018 அக்டோபரில் சென்னை மியூசிக் அகாடமி, அந்த ஆண்டு மார்கழி விழாப் பட்டியலிலிருந்து ஏழு கலைஞர்களை நீக்கியது. அவர்கள்மீது சமூக ஊடகங்களில் பாலியல் தொல்லைப் புகார்கள் எழுந்திருந்தன. தலைவர் என். முரளி காலத்தில் எடுக்கப்பட்ட அந்த முடிவு, சபா உலகில் முன்பு யாரும் பார்த்திராதது. சென்னை சபாக்களின் கூட்டமைப்பும் அப்போது ஒரு புகார்க் குழுவை அமைத்தது. நீக்கப்பட்டவர்களில் சிலர் புகாரை வெளிப்படையாக மறுத்தார்கள்.

அகாடமி செய்தது சரி என்றே நினைக்கிறேன். ஆனால் கச்சேரியை எடுத்துவிடுவது விசாரணை ஆகாது. புகார் சொன்ன பெண் யார்முன் உட்கார்ந்து நடந்ததைச் சொல்வது? மறுத்தவர் எங்கே போய்த் தன் பக்கத்தை நிரூபிப்பது? இரண்டுக்கும் இடமில்லாமல் போனதால், ஒரு தரப்பு இன்றும் 'வதந்தி' என்கிறது, மறு தரப்பு இன்றும் வாயைப் பொத்திக்கொண்டிருக்கிறது.

நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் ஓபராவில் நாற்பது ஆண்டுகள் கோலோச்சிய இசை நடத்துநர் ஜேம்ஸ் லெவைன் விவகாரத்தில், வெளியிலிருந்து வந்த வழக்கறிஞர்கள் 70 பேருக்கு மேல் விசாரித்தார்கள். 2018 மார்ச்சில் அவரைப் பணிநீக்கம் செய்தார்கள். அவர் கடைசிவரை மறுத்தார், வழக்கும் போட்டார். அங்கும் பத்திரிகைகள் எழுதிய பிறகுதான் நிர்வாகம் அசைந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். ஆனாலும் ஒரு விசாரணை நடந்தது.

நம்மிடம் ஏன் நடப்பதில்லை? குரு என்ற ஒருவரிடம் எத்தனை அதிகாரம் குவிந்திருக்கிறது என்று பார்த்தால் போதும். கற்றுக்கொடுப்பவர் அவர். அரங்கேற்றத் தேதி குறிப்பவர் அவர். எந்த வயலின், எந்த மிருதங்கம் என்று முடிவு செய்பவரும் அவர். சபா செயலாளருக்கு ஒரு போன் போட்டு, "நம்ம பொண்ணு, நல்லாப் பாடும்" என்று சொல்ல வேண்டியவரும் அவர்தான். அழைப்பிதழில் பாடகியின் பெயருக்குக் கீழே இன்னாரின் சிஷ்யை என்று அச்சாகிறது. அந்த வரியை எடுத்துவிட்டால் இருபது வயதுப் பெண்ணுக்குக் கச்சேரி உலகில் வேறு முகவரி இல்லை. விலகி வந்தால் குருத்துரோகி என்ற பட்டம், புதிதாகச் சேர்த்துக்கொள்ளத் தயங்கும் அடுத்த குரு, பாதியில் நிற்கும் பாடாந்தரம். இவ்வளவையும் பணயம் வைத்துத்தான் ஒரு பெண் வாய் திறக்க வேண்டும்.

சென்னைக்காரர்களைவிட இது வெளியூர்ப் பிள்ளைகளுக்குக் கடினம். மார்கழி நெருங்கும்போது மதுரை மாட்டுத்தாவணியில் இரவுப் பேருந்துக்காகச் சுருதிப் பெட்டியும் பட்டுப்புடவைப் பையுமாகக் காத்திருக்கும் பெண்களைப் பார்க்கலாம். அப்பா கூடவே வந்திருப்பார், அல்லது நடத்துநரிடம் "பார்த்துக்குங்க சார்" என்று சொல்லி ஏற்றிவிடுவார். கட்டணமில்லாத மதியக் கச்சேரி ஒன்றுக்கான பயணம் அது. விடிகாலையில் கிளாம்பாக்கத்தில் இறங்கினால், தங்குவதற்கு அவளுக்குத் தெரிந்த ஒரே வீடு குருவின் வீடாக இருக்கும். சென்னையில் பிறந்த பெண்ணுக்குப் பத்து நிமிடத்தில் தன் வீடு உண்டு. மதுரைப் பெண்ணுக்கு எட்டு மணி நேரம்.

இந்தப் பாதை பழையது. மதுரை அனுமந்தராயன் கோயில் தெருவில் பிறந்த எம்.எஸ். சுப்புலட்சுமியும் 1936-ல் சென்னைக்குப் போனவர்தான். 1928-ல் தொடங்கிய மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருது ஒரு பெண்ணுக்கு முதன்முதலாகக் கிடைத்தது 1968-ல், பெற்றவர் அவர். யார் பாடலாம், எங்கே உட்காரலாம் என்று தீர்மானிக்கும் நாற்காலிகளில் பெண்கள் எவ்வளவு தாமதமாக இடம்பெற்றார்கள் என்பதை இதை வைத்தே ஊகிக்கலாம்.

சரி, ஒரு புகார்க் குழு இருந்தால் போதுமா? குழு இருந்தும் போதவில்லை என்று திருவான்மியூர் கலாக்ஷேத்ரா காட்டியது. நாடாளுமன்றச் சட்டத்தின்கீழ் இயங்கும் மத்திய அரசு நிறுவனம் அது. உள் புகார்க் குழு இருந்தது. 2023 மார்ச்சில் புகார்கள் கிளம்பியபோது, அக்குழு விசாரித்துவிட்டது, ஆதாரமில்லை என்று நிர்வாகம் அறிக்கை விட்டது. மார்ச் 30 அன்று மாணவியரும் மாணவர்களும் வளாகத்திலேயே உட்கார்ந்துவிட்டார்கள். நிர்வாகம் கல்லூரியை ஏப்ரல் 6 வரை மூடி, விடுதியைக் காலி செய்யச் சொன்னது. யாரும் நகரவில்லை. மறுநாள் மாநில மகளிர் ஆணையத் தலைவர் ஏ.எஸ். குமாரி நேரில் வந்து மணிக்கணக்கில் கேட்டார்; நூறு பேர் அளவில் புகார் தந்ததாகச் செய்தியாளர்களிடம் சொன்னார். ஏப்ரல் 3-ல் ஓர் உதவிப் பேராசிரியர் கைதானார். பிறகு ஜாமீனில் வந்தார். அவர் குற்றம் செய்தாரா என்பதைச் சொல்ல வேண்டியது நீதிமன்றம். ஓய்வுபெற்ற நீதிபதி கே. கண்ணன், முன்னாள் டிஜிபி லத்திகா சரண், மருத்துவர் ஷோபா வர்த்தமான் கொண்ட தனிக் குழுவை அதன்பிறகே கலாக்ஷேத்ரா அமைத்தது.

என்னை உறுத்துவது இதுதான்: தங்கள் நிறுவனத்தின் குழுவிடம் வராத சொற்கள், வெளியிலிருந்து ஒருவர் வந்து உட்கார்ந்ததும் ஒரே நாளில் வந்தன. பிள்ளைகள் பேசத் தயாராகத்தான் இருந்தார்கள். கேட்பவர் யாருடைய ஆள் என்பதுதான் அவர்களைத் தடுத்தது.

ஆகவே நான் கேட்பது புதிய குழுக்களை அல்ல. பணியிடப் பாலியல் தொல்லைக்கு எதிரான 2013-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே, பத்துப் பேருக்குக் குறைவாகப் பணிபுரியும் இடங்களுக்காகவும், முதலாளியே குற்றம்சாட்டப்படும் நேர்வுகளுக்காகவும் மாவட்டந்தோறும் உள்ளூர்க் குழு ஒன்று உண்டு. சங்கம், அறக்கட்டளை, கல்வி, கேளிக்கை எல்லாம் அச்சட்டத்தின் 'பணியிடம்' என்ற விளக்கத்துக்குள் வருகின்றன. குடியிருக்கும் வீடும் வருகிறது. முன்னறையில் பாய் விரித்து நடக்கும் பாட்டு வகுப்பையும் அதற்குள் கொண்டுவர முடியும். இந்தக் குழுக்களை 2025 ஜனவரி 31-க்குள் அமைத்துவிட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் மாவட்டங்களுக்குக் கெடு விதித்தது. குருவுக்கும் சபாவுக்கும் கடன்படாத ஒரு கதவு அது. பாட்டு கற்கும் எத்தனை பெண்களுக்கு அது இருப்பது தெரியும்? பசுமலை அரசு இசைக் கல்லூரி தொடங்கி, மதுரையின் சபாக்கள், தனியார் வகுப்புகள் வரை ஒவ்வொரு சுவரிலும் அந்தக் குழுவின் தொலைபேசி எண் ஒட்டப்பட வேண்டும். மாவட்ட ஆட்சியர் நினைத்தால் ஒரு மாதத்தில் முடியும் வேலை.

சட்டத்திலும் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் புகார் தர வேண்டும். காரணம் காட்டினால் இன்னும் மூன்று மாதம். இசையில் இது எப்படிப் பொருந்தும்? இங்கிலாந்தின் மான்செஸ்டரில் செத்தம்ஸ் இசைப் பள்ளியின் முன்னாள் இசை இயக்குநர் மைக்கேல் புரூவர், ஒரு மாணவிக்கு இழைத்த கொடுமைக்காக 2013-ல் தண்டிக்கப்பட்டார். நடந்து முப்பது ஆண்டுகள் கழிந்திருந்தன. சாட்சி சொன்ன பிரான்சிஸ் ஆண்ட்ரேட், தீர்ப்பு வருவதற்குள் உயிரை மாய்த்துக்கொண்டார். அந்தப் பள்ளியையும் ஆராய்ந்த அரசு விசாரணை, 2022-ல், தனியறையில் ஒருவருக்கு மட்டும் நடக்கும் பாடமும், மாணவரின் எதிர்காலமே ஆசிரியரின் கையில் இருப்பதும் இசைப் பள்ளிகளை அதிக ஆபத்துக்குள்ளாக்குகின்றன என்றது.

பதினெட்டு வயதுக்கு உட்பட்டபோது நடந்ததற்கு போக்சோவில் காலவரம்பு இல்லை. பத்தொன்பது வயதுப் பெண்ணுக்கோ இந்த 2013 சட்டத்தில் ஆறு மாதம்தான். அந்த ஆறு மாதமும் அவள் அதே குருவின் பின்னால் உட்கார்ந்து தம்பூரா மீட்டிக்கொண்டிருப்பாள். குருவிடம் கற்கும் காலம் முடிந்த பிறகுதான் இந்தக் கணக்கு ஓடத் தொடங்க வேண்டும் என்று நாடாளுமன்றம் திருத்தம் கொண்டுவரட்டும். அதுவரை, அரசு மானியம் வாங்கும் ஒவ்வொரு இசை நிறுவனத்துக்கும் மாநில அரசு ஒரு நிபந்தனை போடலாம்: எத்தனை ஆண்டுக்கு முந்தைய புகாரானாலும் வெளியாள் தலைமையில் கேட்க வேண்டும், கேட்டதன் முடிவை இரு தரப்புக்கும் எழுத்தில் தர வேண்டும்.